மந்திரவாதியின் புத்தகம் எவ்வளவுக்குப் போகும்? புது டிஎம்களுக்கு ஒரு விலைக் கணக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில் பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர்களின் கேரக்டர்கள் சேர்ந்த குழு, ஒரு மந்திரவாதியை வீழ்த்தும். மூச்சு வாங்குவதற்குள் யாராவது ஒருவர், பெரும்பாலும் திருடன் கேரக்டர் ஆடுபவர், "பையில என்ன இருக்கு?" என்று கேட்பார். டிஎம் (டஞ்சன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) யோசிக்காமல் "ஒரு மந்திரப் புத்தகம்" என்று சொல்லிவிடுவார். "இதை வித்தா எவ்வளவு வரும்?" என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் ஆட்டம் நிற்கும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது புதிதாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்கி, இரண்டு மூன்று ஆட்டம் பார்த்த கையோடு டிஎம் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் மேஜையில் நிற்கிற கணக்கு இது. எண்கள் 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து எடுத்தவை. 2024 திருத்தத்தில் ஆடுபவர்களுக்கும் முக்கியமான எண் மாறவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேரக்டருக்கும் லெவல் உண்டு, மந்திரத்துக்கும் லெவல் உண்டு, இரண்டும் வேறு. கேரக்டர் 20 வரை போகும், மந்திரம் 9 வரைதான். 5-ஆம் லெவல் விசார்ட் (புத்தகம் வைத்து மந்திரம் போடும் மந்திரவாதி கேரக்டர்) போடக்கூடிய பெரிய மந்திரம் 3-ஆம் லெவல். இந்தக் கட்டுரையில் விலை எல்லாம் மந்திரத்தின் லெவலை வைத்துத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிவையுங்கள்

"நிறைய மந்திரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு விலை பேச முடியாது. பட்டியல் வேண்டும். அதைத் தயாரிப்பது பெரிய வேலை இல்லை. விசார்ட் 1-ஆம் லெவலில் ஆறு மந்திரத்தோடு தொடங்குகிறார், அப்புறம் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு கூடும். அப்படியானால் செத்துக்கிடக்கும் 5-ஆம் லெவல் மந்திரவாதியின் புத்தகத்தில் குறைந்தது 14 மந்திரம் இருக்கும்.

நம் ஆளின் புத்தகத்தை இப்படி வைத்துக்கொள்வோம். 1-ஆம் லெவலில் எட்டு: மேஜிக் மிசைல், ஷீல்டு, ஸ்லீப், மேஜ் ஆர்மர், டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை, ஃபைண்ட் ஃபெமிலியர், காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ். 2-ஆம் லெவலில் நான்கு: மிஸ்டி ஸ்டெப், இன்விசிபிலிட்டி, வெப், நாக். 3-ஆம் லெவலில் இரண்டு: ஃபயர்பால், வாட்டர் பிரீத்திங். லெவல்களைக் கூட்டினால் 8, 8, 6. மொத்தம் 22. இந்த 22-தான் இனி எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

கேண்ட்ரிப்புகளை, அதாவது எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய குட்டி மந்திரங்களை, சேர்க்க வேண்டாம். 5-ஆம் பதிப்பில் அவை புத்தகத்திலேயே இருப்பதில்லை.

எழுத ஆகும் செலவு

வெற்றுப் புத்தகத்தின் விலை 50 பொற்காசு: 100 பக்கம், 3 பவுண்டு எடை. எழுதி நிரம்பிய புத்தகத்துக்கு ரூல்புக்கில் விலை கிடையாது. அதனால்தான் இவ்வளவு சண்டை.

ஆனால் எழுத ஆகும் செலவு தெளிவாக இருக்கிறது. பிறர் புத்தகத்திலிருந்து ஒரு மந்திரத்தைத் தன் புத்தகத்தில் ஏற்ற, லெவல் ஒன்றுக்கு 50 பொற்காசும் 2 மணி நேரமும் ஆகும். 22-ஐ 50-ஆல் பெருக்கினால் 1,100. புத்தகத்தின் 50-ஐயும் சேர்த்தால் 1,150. புது டிஎம்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேயே நின்று "சரி, 1,150" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அநியாய விலை.

ஏன் என்று பார்ப்போம். நகை வாங்கும்போது கொடுத்த செய்கூலி, அதே நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது வராது. அந்தக் கதைதான் இங்கேயும், இன்னும் மோசமாக. இந்தப் புத்தகத்தை வாங்குகிற விசார்ட் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. ஒவ்வொருவரும் தனக்கே உரிய குறியீட்டில் எழுதுகிறார்கள். வாங்கியவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, தன் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு மறுபடி லெவலுக்கு 50. அதாவது மைச் செலவை எழுதியவர் ஒரு தடவை கொடுத்தாயிற்று, வாங்குபவரும் ஒரு தடவை கொடுக்கத்தான் போகிறார். இடையில் நீங்கள் 1,150 வாங்கினால் அவர் ஒரே மைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்.

வாங்குபவருக்குக் கிடைப்பது பார்த்து எழுதும் வாய்ப்பு மட்டுமே. விலை அதற்குத்தான்.

இன்னொரு விஷயம் ரூல்புக்கில் எல்லோர் கண்ணிலும் பட்டாலும் யோசிக்கப்படாமல் கிடக்கிறது. தன் சொந்த மந்திரங்களையே இன்னொரு புத்தகத்தில் நகல் எடுக்க லெவலுக்கு 10 பொற்காசும் 1 மணி நேரமும்தான். ஆக நம் மந்திரவாதி உயிரோடு இருந்திருந்தால் 220-க்கு மையும் 50-க்கு வெற்றுப் புத்தகமும் வாங்கி, 270 பொற்காசில் இதே புத்தகத்துக்கு ஒரு நகல் போட்டிருப்பார். தரை 270, கூரை 1,150. நியாய விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

மற்ற பதிப்புகள் என்ன சொல்கின்றன

வேறு பதிப்புகளில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 3.5 பதிப்பில் லெவலுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 100 பொற்காசு எழுதும் செலவு. கைப்பற்றிய புத்தகத்தை அதில் பாதிக்கு விற்கலாம். 100 பக்கமும் நிரம்பிய புத்தகம் 5,000 போகும். நம் 22 பக்கத்துக்கு அந்தக் கணக்கில் 1,100 வரும்.

3.5-இலிருந்து கிளைத்த தனி ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பில் எழுதும் செலவு லெவலின் வர்க்கத்தோடு ஏறுகிறது: 1-ஆம் லெவல் 10, 2-ஆம் லெவல் 40, 3-ஆம் லெவல் 90, இப்படியே போய் 9-ஆம் லெவல் 810. அதே 14 மந்திரத்துக்குச் செலவு 80, 160, 180 எனக் கூட்டி 420. விற்றால் பாதி, 210. ஒரே புத்தகம், ஓரிடத்தில் 1,100, இன்னோரிடத்தில் 210. யாராவது ஒரு ஆட்டக்காரர் கைப்பேசியில் தேடிப் பிடித்து "இங்க 1,100-னு போட்டிருக்கே" என்று காட்டினால், அது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 3.5-இல் பிறர் புத்தகத்தை வைத்துக்கொண்டே அன்றைக்குப் போட வேண்டிய மந்திரத்தைத் தயார் செய்ய ஒரு வழி இருந்தது. அங்கே விலை ஏறி நிற்பதற்கு அது ஒரு நல்ல காரணம். 5-ஆம் பதிப்பில் அந்த வழி இல்லை.

பாத்ஃபைண்டரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இன்னொரு விசார்டின் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள அங்கே கட்டணம், எழுதும் செலவில் பாதி. அதை 5-ஆம் பதிப்புக்குக் கொண்டுவந்தால் லெவலுக்கு 25 பொற்காசு. கணக்கும் சுலபம், மேஜையில் மனசுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

விலை போடுவது

22-ஐ 25-ஆல் பெருக்கினால் 550. வெற்றுப் புத்தகத்துக்கு 50 சேர்த்தால் 600.

இதன் மேல் நான் ஒரே ஒரு கூட்டல்தான் வைத்திருக்கிறேன்: ரிச்சுவல் மந்திரங்களுக்கு லெவலுக்கு 10 அதிகம். புத்தகத்தில் இருந்தாலே போதும், அன்றைக்குத் தயார் செய்யாமலும் ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற அளவு) செலவழிக்காமலும் விசார்ட் அவற்றைப் போடலாம். பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். சண்டை மந்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. அதைத் தயார் செய்து, ஸ்லாட்டையும் கொடுக்க வேண்டும். நம் பட்டியலில் 1-ஆம் லெவல் ரிச்சுவல் நான்கு இருக்கின்றன, 3-ஆம் லெவலில் வாட்டர் பிரீத்திங் இருக்கிறது. ஆக 40-ம் 30-ம் சேர்ந்து 70. மொத்தம் 670 பொற்காசு.

புது ஆட்டக்காரர்கள் ஃபயர்பாலைத்தான் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்டத்து ஊரைக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைப் பார்த்து வரைந்தோம்: ஆற்று முகத்துவாரம், படகுகள், கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்கள். அங்கே வாட்டர் பிரீத்திங் இருக்கும் விசார்டைத் தேடி ஆட்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். பத்துப் பேர் வரை, 24 மணி நேரம், தண்ணீருக்குள் மூச்சுவிடலாம், ஒரு ஸ்லாட்டும் செலவில்லை. மலைநாட்டில் நடக்கும் கதையில் அதே மந்திரம் பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். உங்கள் ஊர் எது என்று பார்த்து ஓரிரு மந்திரத்துக்கு விலையை இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ தயங்க வேண்டாம். ஆனால் ஓரிரண்டுக்கு மட்டும். பதினான்குக்கும் தனித்தனியாக யோசித்தால் விடிந்துவிடும்.

போட்ட விலையைச் சரிபார்க்க ஸ்க்ரோல் (ஒரே தடவை பயன்படும் மந்திரச் சுருள்) கணக்கு உதவும். 5-ஆம் பதிப்பின் ஒரு துணைநூலில் ஸ்க்ரோல் தயாரிக்கும் செலவு இருக்கிறது: 1-ஆம் லெவல் 25, 2-ஆம் லெவல் 250, 3-ஆம் லெவல் 500. நம் கட்டணத்தில் 3-ஆம் லெவல் மந்திரம் 75, ரிச்சுவலாக இருந்தால் 105. மலிவுதான், பரவாயில்லை. 1-ஆம் லெவலில் மட்டும் இரண்டும் 25-இல் முட்டுகின்றன. ஆனால் ஸ்க்ரோலிலிருந்து ஏற்றும்போது ஆர்க்கானா (மந்திர அறிவு) சோதனை உண்டு, டைஸில் எட்ட வேண்டிய எண்ணான டிசிக்கு 10-உடன் லெவலைக் கூட்ட வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் ஸ்க்ரோல் போய்விடும். புத்தகத்தில் அந்தப் பயம் இல்லை. 25 கொடுக்கலாம்.

யார் விற்கிறார், யார் வாங்குகிறார்

670 என்பது ஒரு மந்திரவாதி இன்னொரு மந்திரவாதியிடம் முழுப் புத்தகமாக விற்கும் விலை. பார்ட்டி போய்க் கடைக்காரரிடம் கொடுத்தால் பாதிதான், 335. கடைக்காரருக்கு விசார்ட் வாடிக்கையாளர் வருஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? சின்ன ஊராக இருந்தால் "எனக்கு இது வேண்டாங்க" என்றே சொல்லட்டும்.

335-உம் சின்னத் தொகை இல்லை. தொடக்க நிலையில், அதாவது எதிரியின் வலிமையைக் காட்டும் சவால் அளவு 4 வரை, ரூல்புக் தரும் ஒரு முழுப் புதையலில் இருக்கும் காசுகளின் சராசரி மதிப்பு 196 பொற்காசு: செம்பில் 21, வெள்ளியில் 105, பொன்னில் 70. ரத்தினமும் மந்திரப் பொருளும் இதில் சேராது. 1,150 கொடுத்தீர்கள் என்றால் ஒரே பிணத்திலிருந்து கிட்டத்தட்ட ஆறு புதையல் கிடைத்த மாதிரி. அடுத்த ஆட்டத்திலிருந்து பார்ட்டி வழியில் தென்படும் மந்திரவாதியை எல்லாம் வேட்டையாடும்.

இப்போது வாங்கும் பக்கம். உங்கள் மேஜையில் 3-ஆம் லெவல் விசார்ட் ஆடும் பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டில் ஐந்து முதல் லெவல் மந்திரங்கள் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மிஸ்டி ஸ்டெப்பும் இருக்கிறது. 3-ஆம் லெவல் மந்திரம் இரண்டையும் அவரால் இப்போது ஏற்றவே முடியாது, தயார் செய்யக்கூடிய லெவலில் இருக்கும் மந்திரத்தைத்தான் ஏற்றலாம். மிச்சம் மூன்று முதல் லெவலும் மூன்று இரண்டாம் லெவலும், ஆக 9 லெவல். பார்த்து எழுதும் கட்டணம் 225, மூன்று ரிச்சுவலுக்கு 30, மொத்தம் 255. அதற்கு மேல் மைச்செலவு 450, நேரம் 18 மணி.

அவர் முழுப் புத்தகத்தை 670-க்கு வாங்க வேண்டியதே இல்லை. இதை ஆட்டக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விற்பவருக்கும் இது லாபம்தான், ஏனென்றால் பார்த்து எழுதினால் புத்தகத்திலிருந்து எழுத்து மறைந்துவிடாது. நாளைக்கு இன்னொருவருக்குக் காட்டிக் காசு வாங்கலாம். மந்திரவாதிகள் விற்பதைவிட வாடகைக்குக் காட்டுவதையே விரும்புவார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பேரத்தை ஆடிக் காட்டுவது நல்ல பொழுதுபோக்கு. புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் ஒரு தடவை சட்டை வாங்கியிருந்தால் கடைக்காரர் குரல் தானாக வந்துவிடும். எங்கள் மேஜையில் இப்படிப் போனது:

"அண்ணே, இதுல பாதி மந்திரம் என்கிட்டயே இருக்கு. பாதி விலை போடுங்க."

"இருந்தா? பாதியக் கிழிச்சா குடுக்க முடியும், தங்கச்சி?"

"கிழிக்க வேணாம். இங்கயே உக்காந்து எழுதிக்கிறேன்."

"ரெண்டு நாள் ஆவும். வெளக்கு எண்ணெ யாரு குடுப்பா?"

பேசி முடித்த பிறகு பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும் திறமை) டைஸ் உருட்டச் சொல்லுங்கள். நன்றாக விழுந்தால் பத்து சதவீதம் குறையட்டும், அதற்கு மேல் வேண்டாம். டைஸில் 20 விழுந்தது என்பதற்காக இலவசமாகக் கொடுத்தால் அடுத்த வாரம் முழுக்க அதுவே பேச்சு.

ஐடென்டிஃபை வாங்குபவரிடம், அதைப் போட 100 பொற்காசு மதிப்புள்ள முத்து ஒன்று தேவை என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். முத்து தீர்ந்துபோகாது, ஒரு தடவை வாங்கினால் போதும். ஃபைண்ட் ஃபெமிலியருக்கு ஒவ்வொரு முறையும் 10 பொற்காசுப் பொருள் எரியும். இதற்காக விலையைக் குறைக்கத் தேவையில்லை, ஆனால் வாங்கிய பிறகு தெரிந்தால் ஏமாற்றியது போல இருக்கும்.

பார்ட்டிக்குள் பங்கு

நிஜச் சண்டை கடைக்காரரோடு வராது, பார்ட்டிக்குள்தான் வரும். விசார்ட் புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வார், மற்றவர்கள் முறைப்பார்கள். தீர்வு எளிது. விசார்ட் முதலில் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும். மைச்செலவு அவர் கையிலிருந்து. அப்புறம் புத்தகத்தை விற்று நால்வரும் பிரித்துக்கொள்ளட்டும். எழுதி எடுத்ததால் புத்தகத்தின் விலை ஒரு செம்புக்காசுகூடக் குறையப்போவதில்லை. விசார்டிடம் கட்டணம் வசூலிக்கலாம் என்று சில மேஜைகளில் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. ஏற்கெனவே 450 செலவழிக்கிறார், அந்த மந்திரத்தால் காப்பாற்றப்படுவது மற்றவர்களும்தான்.

நேரத்தையும் மறக்காதீர்கள். 18 மணி நேரம் என்றால் நாளைக்கு எட்டு மணியாக இரண்டு நாளைத் தாண்டும். அதுவரை பார்ட்டி சத்திரத்தில் இருக்க வேண்டும், சுமாரான வசதிக்கே தலைக்கு நாளொன்றுக்கு 1 பொற்காசு. கதையில் அவசரம் இருந்தால் இந்த இரண்டு நாள்தான் புத்தகத்தின் உண்மையான விலை.

நனைந்தது, எரிந்தது

ஃபயர்பால் போட்டே மந்திரவாதியைக் கொன்றார்களா? கடலில் விழுந்த உடம்பிலிருந்து எடுத்தார்களா? ஒவ்வொரு மந்திரத்துக்கும் இருபது பக்க டைஸ் உருட்டி, 1 முதல் 5 வரை விழுந்தால் அந்தப் பக்கம் போச்சு என்று வையுங்கள். இது என் வீட்டு விதி, ரூல்புக்கில் இல்லை. மிஞ்சியதைத் திரும்பக் கூட்டி விலை போடுங்கள்.

5-ஆம் லெவலுக்கு மேல் காசு பேசாதீர்கள்

லெவலுக்கு 25 என்ற கணக்கு 5-ஆம் லெவல் மந்திரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கேலிக்கூத்து. 9-ஆம் லெவலில் இருக்கும் விஷ் மந்திரம் 225 பொற்காசுக்குப் போகும். பாத்ஃபைண்டரின் வர்க்கக் கணக்குக்கு மாறினாலும் எழுதும் செலவே 810-தான் வரும். அதே லெவலில் ஒரு ஸ்க்ரோல் தயாரிக்கவே 2,50,000 பொற்காசும் 48 வாரமும் ஆகும் என்கிறது அந்தத் துணைநூல்.

இப்படிப்பட்ட புத்தகத்தை வைத்திருப்பவருக்குக் காசு தேவைப்படாது. வேலை கேட்கட்டும்: ஒரு பொருளைக் கொண்டுவா, ஒருவரை மீட்டு வா, பதிலுக்கு உன் புத்தகத்திலிருந்து ஒரு மந்திரத்தைக் காட்டு. காசில் அடங்காத பேரத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். அப்படி வந்து சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். எங்கள் ஆட்டத்தில் ஒரு கிழட்டு மந்திரவாதி இதையே கேட்டார்: உங்கள் வில்லாளி கோபுரத்திலிருந்து அம்பு விடட்டும், அது விழும் இடம் வரை எனக்குத் தோட்டம். வில்லாளி வேண்டுமென்றே நாணை முழுதாக இழுக்காமல் அம்பு விட்டதும், கிழவர் காற்றை வரவழைத்ததும் ஒரு தனி ஆட்டமாகப் போனது.

ஆட்டக்காரரே பதிப்பாளர் ஆனால்

கணக்கு நன்றாக வருபவர் யாராவது உங்கள் மேஜையில் இருந்தால், இதைப் படித்ததும் கேட்பார்: "சொந்த நகல் 270-தான் ஆகுது, 670-க்கு விற்கலாம். மாசத்துக்கு எத்தனை போடலாம்?" தடுக்க வேண்டாம், ஆனால் சந்தையைக் காட்டுங்கள். இந்த ஊரில் விசார்ட் எத்தனை பேர்? மூன்று பேர் என்று முடிவு செய்யுங்கள். ஒருவரிடம் இந்த மந்திரங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒருவர் பரம ஏழை, காசுக்குப் பதில் மந்திரம் மாற்றிக்கொள்ளத்தான் வருவார். மூன்றாமவர் வாங்குவார், வாங்கிய மறு வாரமே தன் பங்குக்கு நகல் போட்டு 500-க்குக் கூவுவார். அந்த மூன்று பேருக்கும் பெயர் வைத்து ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த புத்தகம் கிடைக்கும்போது யாரிடம் போவது என்று பார்ட்டிக்கே தெரிந்திருக்கும்.